சினிமா கடன் வாங்கிய பாட்டு

கதாநாயகன் இல்லை, காட்சி இல்லை, டைரக்டர் இல்லை. 1970க்கும் 2000க்கும் இடையே சினிமாவுக்கு வெளியே பிறந்த ராக், பாப் ஆல்பங்களில் இன்றும் உட்கார்ந்து முழுசாகக் கேட்கத் தகுந்த ஒன்பது.

2006ல் 'கேங்ஸ்டர்' என்ற ஹிந்திப் படம் வெளியானபோது அதன் 'பீகி பீகி' பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பாடியவர் வங்கதேசத்து ராக் பாடகர் ஜேம்ஸ். ஆனால் கொல்கத்தாக்காரர்களுக்கு அந்த மெட்டு புதிதல்ல. 'ப்ரிதிபிடா நாகி' என்று பத்தாண்டுகளாக அவர்கள் கித்தாரும் கையுமாகப் பாடிவந்த பாட்டுதான் அது. 2012ல் 'ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்' படத்தில் கரண் ஜோஹரின் புதுமுகங்கள் ஆடிய டிஸ்கோ பாட்டு, 1981ல் கராச்சியில் பிறந்த ஒரு பள்ளி மாணவி பாடியது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் வரும் இசை, இளையராஜா அதற்கு முன்பே போட்டுவைத்திருந்த தனி ஆல்பம் ஒன்றிலிருந்து எடுத்தது.

இந்தியாவில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு என்பது எழுதப்படாத சட்டம். ஆனால் சினிமாவைச் சாராமல் பாடியவர்களிடம் சினிமாவே அவ்வப்போது கை நீட்டி வாங்கியிருக்கிறது. வாங்கிய பாட்டு பிரபலமாகிவிடுகிறது. கொடுத்தவர்களின் பெயர்தான் பலருக்கும் தெரிவதில்லை.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். அகப்பாட்டில் புலவர் தன் வாயால் பேச முடியாது. தலைவியோ தோழியோ செவிலியோதான் பேசவேண்டும். பேசுவதற்கு ஒரு துறை வேண்டும். சினிமாப் பாட்டும் அப்படியே. 'சிச்சுவேஷன்' என்பது அதன் துறை. புறப்பாட்டில் புலவர் நேராக வந்து நிற்கலாம். அரசனைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். தன் வீட்டு வறுமையைச் சொல்லலாம். தனி ஆல்பம் போட்ட இந்தியர்கள் தேடியது இந்தச் சுதந்திரத்தைத்தான். அதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். எழுபதுகளில் இசைத்தட்டு போடுவதென்றால் பெரும்பாலும் நாய்ச் சின்னம் போட்ட கிராமபோன் கம்பெனியின் தயவு வேண்டும். கடையில் சினிமாத் தட்டுகளுக்குப் போகத்தான் மற்றவற்றுக்கு இடம். கேஸட் வந்து செலவு குறைந்த பிறகுதான் தனி ஆள்கள் துணிந்து இறங்க முடிந்தது.

இனி ஆல்பங்கள், கால வரிசைப்படி.

சிம்லா பீட் (1970, 1971)

'சிம்லா' என்ற சிகரெட்டை விளம்பரப்படுத்த இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் அகில இந்திய அளவில் ராக் குழுக்களுக்குப் போட்டி வைத்தது. தேறிய குழுக்களின் பாட்டுகள் இரண்டு எல்.பி. தட்டுகளாக வெளிவந்தன. ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' போன்ற குழுக்கள் இவற்றின் மூலம்தான் பதிவாயின. வெளிநாட்டு கித்தார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் எளிதில் கிடைக்காத இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். ஒலிப்பதிவில் மெருகு கிடையாது. ஆங்கில உச்சரிப்பு அங்கங்கே தடுக்கும். ஆனால் இருபது வயதுக்காரர்களின் அவசரம் அப்படியே பதிவாகியிருக்கிறது. காசுக்காக யாரும் வாசிக்கவில்லை என்பது காதில் விழும். ஒரு சிகரெட் கம்பெனி இல்லாவிட்டால் ஒரு தலைமுறையின் சத்தமே நமக்கு மிஞ்சியிருக்காது என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை.

ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக் (1975)

நடனக் கலைஞர்கள் உதய சங்கர், அமலா சங்கர் தம்பதியின் மகன். ரவிசங்கர் இவருக்குச் சித்தப்பா. ஆனால் ஆனந்த சங்கர் சிதார் கற்றது சித்தப்பாவிடம் அல்ல, காசியில் லால்மணி மிஸ்ராவிடம். 1970ல் அமெரிக்காவில் வெளிவந்த முதல் ஆல்பத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ், டோர்ஸ் குழுக்களின் பாட்டுகளைச் சிதாரில் வாசித்துப் பேர் வாங்கினார். அது புதுமைக்காகக் கேட்கலாம். உண்மையான சாதனை ஐந்து ஆண்டுகள் கழித்து கல்கத்தாவில் வந்த இந்தத் தட்டுதான்.

'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா'வில் சிதாரும் எலெக்ட்ரிக் கித்தாரும் ட்ராம் வண்டியும் ரிக்ஷாவும் போல ஒரே தெருவில் இடித்துக்கொண்டு போகின்றன. 'டான்ஸிங் ட்ரம்ஸ்' தாளத்துக்காகவே தொண்ணூறுகளில் லண்டன் நடன விடுதிகளின் டி.ஜே.க்கள் பழைய தட்டுகளைத் தேடி அலைந்தார்கள். புகழ் இரண்டாம் முறை வந்த நேரத்தில் 1999ல் ஆனந்த சங்கர் காலமானார். 'ஸ்டேட் ஆஃப் பெங்கால்' குழுவோடு சேர்ந்து செய்த 'வாக்கிங் ஆன்' அவர் மறைந்த பிறகே வெளிவந்தது.

சங்பிக்னோ பாகிகுல் ஓ கல்கத்தா பிஷயக் (1977)

பெயரே பயமுறுத்தும். 'கலக்கமுற்ற பறவைகளும் கல்கத்தாவைப் பற்றியும்' என்று ஏறக்குறையத் தமிழாக்கலாம். குழுவின் பெயர் 'மொஹீனேர் கோடாகுலி', அதாவது மஹீனின் குதிரைகள். ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயர். கவிஞரிடம் பெயர் வாங்கிய ராக் குழு வங்காளத்தில்தான் இருக்க முடியும்.

தலைவர் கௌதம் சட்டோபாத்யாய். நக்ஸல்பாரி இயக்கத்தோடு தொடர்புகொண்டு சிறை சென்று வந்தவர். வெளியே வந்தவர் கையில் எடுத்தது கித்தார். ஊர் ஊராகப் போகும் பாவுல் பாடகர்களின் பாட்டு ஒரு பக்கம், பாப் டிலன் ஒரு பக்கம், நடுவில் மின்வெட்டும் வேலையின்மையுமான எழுபதுகளின் கல்கத்தா. ரவீந்திர சங்கீதத்தையும் சினிமாவையும் தவிர மூன்றாவதாக ஒன்று பாட்டாக இருக்கலாம் என்பதை அந்த ஊர் அப்போது ஏற்கத் தயாராக இல்லை. மூன்று சிறிய தட்டுகளோடு 1981ல் குழு கலைந்தது.

ஆனால் பாட்டுகள் கலையவில்லை. கல்லூரி விடுதிகளில் வாய்வழியாக வாழ்ந்தன. 1995ல் கௌதம் இளைய பாடகர்களைச் சேர்த்துப் புதிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் காதில் போட்டுக்கொள்ளாத அதே ஊர் கொண்டாடியது. 'கேங்ஸ்டர்' வாங்கிக்கொண்ட 'ப்ரிதிபிடா நாகி' அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. 1999ல் கௌதம் மறைந்தார். தன் மெட்டு ஹிந்திக்குப் போனதை அவர் கேட்கவில்லை. வங்காளம் தெரியாதவர்கள் 'ஹாய் பாலோபாஷி'யிலிருந்து தொடங்கலாம். மொழி குறுக்கே நிற்காது.

டிஸ்கோ தீவானே (1981)

'குர்பானி' (1980) படத்தில் 'ஆப் ஜைசா கோயி' பாடியபோது நாஜியா ஹசனுக்கு வயது பதினைந்து. பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். லதா மங்கேஷ்கர், ஆஷா போஸ்லே குரல்களுக்குப் பழகிய காதுகளுக்கு அந்தக் குரல் அதிர்ச்சி. மூக்கிலிருந்து கொஞ்சம், தொண்டையிலிருந்து கொஞ்சம். பக்கத்து வீட்டுப் பெண் பாடுவது போல இருந்தது. அதுதான் அதன் வசீகரம்.

இசையமைத்த பித்து, பெங்களூரில் பிறந்து லண்டனுக்குப் பிழைக்கப் போனவர். 1974ல் உலகையே ஆட்டிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரிப்பு. நாஜியாவையும் அவர் தம்பி ஸோஹெப்பையும் வைத்து அவர் செய்த இந்த ஆல்பம், எந்தப் படத்தின் துணையுமில்லாமல் இந்தியா, பாகிஸ்தான் இரண்டிலும் சக்கைப்போடு போட்டது. எல்லையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டை முணுமுணுத்த சம்பவங்கள் அதிகம் இல்லை. தலைப்புப் பாட்டை எல்லோருக்கும் தெரியும். 'ஆவோ நா' கேட்டுப் பாருங்கள். டிஸ்கோ விளக்குகள் அணைந்த பிறகும் நிற்கும் மெட்டு அது. நாஜியா பின்னர் சட்டம் படித்தார். 2000 ஆகஸ்டில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 35.

டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட் (1983)

இந்தப் பட்டியலில் மிக விசித்திரமான கதை இதுதான். சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்தவர். புதிய கருவிகள் மீது மோகம். சிங்கப்பூர் போனபோது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த மூன்று மின்னணுக் கருவிகளை வாங்கிவந்தார். அதில் ஒன்று டி.பி.303. கூட பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கித்தார்க்காரர் வீட்டில் தனியே பயிற்சி செய்வதற்காகச் செய்த சின்னப் பெட்டி. அந்த வேலைக்கு அது லாயக்கில்லை என்று உலகம் ஒதுக்கியது. சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றது.

சரண்ஜித் சிங் அதில் வேறொன்றைக் கண்டார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி அந்தப் பெட்டியில் உண்டு. நம் சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, கிட்டத்தட்ட அது. மேற்கத்திய கீபோர்டு கருவிகளில் ராகம் வாசிப்பது கடினமாவது இந்த வழுக்கல் இல்லாததால்தான். அவர் டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டு அதன் மேல் பத்து ராகங்களை வாசித்தார். பூபாலி நமக்கு மோகனம், யமன் நமக்குக் கல்யாணி, மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தமிழ்க் காதுக்குத் தடம் தெரியும்.

தட்டு விற்கவில்லை. சங்கீதக்காரர்களுக்கு அது டிஸ்கோ, டிஸ்கோக்காரர்களுக்கு அது சங்கீதம். 1987ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து இளைஞர்கள் அதே டி.பி.303 பெட்டியை வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய நடன இசையைத் தொடங்கினார்கள். பிறகு சரண்ஜித் சிங்கின் தட்டைக் கேட்டவர்கள் திகைத்தார்கள். அதே சத்தம், ஆனால் சில ஆண்டுகள் முன்னதாக, பம்பாயில்! சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டதில்லை. இரண்டும் தனித்தனியே பிறந்தவை. 2010ல் நெதர்லாந்து நிறுவனம் ஒன்று தட்டை மறுபதிப்பு செய்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் இளைஞர் கூட்டத்துக்கு நடுவே வாசித்தார். 2015ல் மறைந்தார். ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய ஆல்பம்.

கோவன் க்ரேஸி (1984)

ரெமோ ஃபெர்னாண்டஸ் படித்தது கட்டடக்கலை. பம்பாய் ரெகார்டு கம்பெனிகளின் வாசலில் காத்திருக்கப் பிடிக்காமல், கோவாவின் சியோலிம் கிராமத்து வீட்டிலேயே நான்கு ட்ராக் கேஸட் கருவி ஒன்றில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். எல்லாக் கருவிகளையும் வாசித்தவர் அவரே. எல்லாக் குரல்களும் அவருடையவே. அட்டைப்படம் வரைந்தவரும் அவரே. கேஸட்டுகளை மஞ்சள் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போட்டவரும் அவரே.

பாட்டில் கோவா அப்படியே இருக்கிறது: போர்ச்சுகீசிய மெட்டு, கொங்கணிக் குறும்பு, ஆங்கில வார்த்தை, அரசாங்கத்தின் மீது செல்லக் கோபம். இந்த நக்கல் ஒருமுறை நாடு முழுவதும் பேசப்பட்டது. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி கோவா வந்தபோது, அவர் எதிரிலேயே 'ஹலோ ராஜீவ் காந்தி' என்று பாடினார் ரெமோ. சினிமா அவரையும் தேடி வந்தது. 'பம்பாய்' (1995) ஹிந்திப் பதிப்பில் 'ஹம்மா ஹம்மா' பாடிய குரல் அவருடையது.

ஹௌ டு நேம் இட்? (1986)

இதை எந்த வகையில் சேர்ப்பது? ஆல்பத்தின் தலைப்பே அதைத்தான் கேட்கிறது. இளையராஜா சினிமாவின் உச்சத்தில் இருந்தபோது, படம் இல்லாமல், பாடகர் இல்லாமல் எழுதிய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாஹுக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் கதாநாயகன். கர்நாடக ராகமும் ஐரோப்பிய செவ்வியல் முறையும் பேஸ் கித்தாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகின்றன.

இது ராக்குமில்லை, பாப்பும் இல்லை என்று வாதாடலாம். 'டூ எனிதிங்' கேட்டுவிட்டு வாதாடுங்கள். 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' பகுதியில் பாஹின் மூல இசையைத் தொடாமல் விட்டு, அதன் பக்கத்தில் தன்னுடையதை ஓடவிடுகிறார். மரியாதையும் துணிச்சலும் சேர்ந்த செயல் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து 'வீடு' படத்தில் இந்த இசை ஒலித்தபோது, முடியாத ஒரு கட்டடத்தின் சோகத்துக்காகவே எழுதியது போலப் பொருந்தியது.

கலோனியல் கஸின்ஸ் (1996)

தொண்ணூறுகளில் சேட்டிலைட் டி.வி. வந்தது. சேனல் வி, எம்.டி.வி. இரண்டுக்கும் நாள் முழுவதும் காட்ட வீடியோ தேவைப்பட்டது. 1995ல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' விற்பனையில் சினிமாவோடு போட்டியிட்டது. இசை மறுபடியும் பித்து. அந்த அலையில் வந்தவற்றில் அதிகம் தாங்கி நிற்பது ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்த இந்த ஆல்பம்.

'ரோஜா'வின் 'தமிழா தமிழா' மூலம் நமக்கு அறிமுகமான ஹரிஹரன், வியாசராயரின் 'கிருஷ்ணா நீ பேகனே' கன்னடக் கீர்த்தனையைப் பாட, லெஸ்லி லூயிஸ் கித்தாரோடு ஆங்கிலத்தில் சேர்ந்துகொள்கிறார். ஒட்டுப் போட்டது தெரியவில்லை. பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். இளைஞர்கள் அந்தக் கீர்த்தனை யாருடையது என்று முதன்முறையாகக் கேட்டார்கள். இவர்களும் கடைசியில் சினிமாவுக்கு வந்தார்கள். தமிழில் 'மோதி விளையாடு' (2009) படத்துக்கு இசை கலோனியல் கஸின்ஸ்.

கண்டீசா (2000)

ஒன்றே ஒன்றுதான் கேட்க நேரமிருக்கிறது என்பவர்களுக்கு இது. டெல்லியின் 'இண்டியன் ஓஷன்' குழுவில் நால்வர்: கித்தார் சுஸ்மித் சென், பேஸ் ராகுல் ராம், தபலாவும் குரலும் அஷீம் சக்ரவர்த்தி, ட்ரம்ஸ் அமித் கிலாம். ஏழு பாட்டுகள். தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதி. மொழி அரமேயம், ஏசுநாதர் பேசியதாகச் சொல்லப்படும் மொழி. 'மா ரேவா' நர்மதைக் கரை மக்கள் தங்கள் நதியைத் தாயாகப் பாடும் நாட்டுப்பாட்டு. ராகுல் ராம் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு நர்மதா அணை எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த பாட்டு இது. 'ஹில்லே ரே' போஜ்புரிப் புரட்சிக் கவிஞர் கோரக் பாண்டேயின் வார்த்தை.

நதி, கோயில், தேவாலயம், ஊர்வலம் எல்லாம் ஒரே ஆல்பத்தில். ஆனால் கதம்பமாக இல்லை. அஷீமின் குரல் தரையிலிருந்து எழும்பி வந்து எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது. 2009ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு குழு தன் புதிய ஆல்பத்தின் பாட்டுகளை மாதம் ஒன்றாக இன்டர்நெட்டில் இலவசமாகக் கொடுத்தது. அவற்றில் அஷீமின் குரல் இருக்கிறது.

இடமில்லாமல் விட்டவையும் உண்டு. பம்பாயின் 'ராக் மெஷின்' குழுவின் 'ராக் அண்ட் ரோல் ரெனகேட்' (1988), லக்கி அலியின் 'ஸுனோ' (1996), சூஃபி கவிஞர் புல்லே ஷாவை கித்தாரில் பாடிய ரப்பி ஷேர்கிலின் 'ரப்பி' (2004) ஆகியவை அடுத்த தவணைக்கு.

2000க்குப் பிறகு இந்த அலை வடிந்தது. திருட்டு எம்.பி.3 கேஸட் கடைகளைக் காலி செய்தது. இசைச் சேனல்கள் சினிமாப் பாட்டுக்குத் திரும்பின. பாப் பாடகர்களின் சத்தத்தை சினிமா தானே கற்றுக்கொண்டு அவர்களைத் தேவையற்றவர்களாக்கியது. இன்று வீட்டிலேயே பதிவு செய்து இன்டர்நெட்டில் வெளியிடும் இளைஞர்களால் தனிப்பாட்டு மறுபடி தழைக்கிறது. 1984ல் ரெமோ சியோலிம் வீட்டில் செய்ததைத்தான் அவர்கள் செய்கிறார்கள். ஸ்கூட்டர் மட்டும் தேவைப்படவில்லை.

இந்த ஆல்பங்களில் பலவற்றை இன்று இன்டர்நெட்டில் தேடிப் பிடிக்கலாம். பழைய தட்டே வேண்டும் என்ற பிடிவாதக்காரர்களுக்கு மும்பையின் சோர் பஜார் இருக்கிறது. எங்கே கேட்டாலும் ஒரு வேண்டுகோள். ஒரு பாட்டை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்காதீர்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று யோசித்து வரிசைப்படுத்தியது ஆல்பம். பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாது. கேட்டு முடித்ததும் அட்டையைத் திருப்பி, வாசித்தவர்களின் பெயர்களைப் படியுங்கள். அடுத்த முறை ஏதாவது ஒரு படத்தில் இந்த மெட்டு வரும்போது, அது யாருடையது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கும்.